சேர்க்கை இலவசம், அரங்கேற்றம்?

பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுவாரம் எங்கள் மாலைப் படிப்பு மையத்துக்கு ஒரு தாய் வந்தார். நகராட்சியில் தூய்மைப் பணியாளர். கையில் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்றை நான்காக மடித்து வைத்திருந்தார். அதில் பதினோரு வரிகள். மண்டப வாடகை, பக்கவாத்தியம், பட்டு உடை மூன்று செட், நகை செட், ஒப்பனை, அழைப்பிதழ், வீடியோ, சாப்பாடு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, பூஜைச் சாமான், குருதட்சிணை. கீழே கோடு போட்டுக் கூட்டிய தொகை இரண்டேகால் லட்சம்.

"மகளிர் குழுவுல ஐம்பதாயிரம் தருவாங்க தம்பி. மீதியை வட்டிக்கு வாங்கலாமா?" என்று கேட்டார்.

அவருடைய மகள் எட்டு வயதிலிருந்து ஊருக்குள் இருக்கும் ஒரு சிறிய பரதநாட்டியப் பள்ளியில் படித்தவள். ஒரு வீட்டின் மாடியில் முப்பது முப்பத்தைந்து பிள்ளைகளோடு நடக்கும் பள்ளி. காலனியிலிருந்து போன முதல் பிள்ளை இவள்தான். "கெட்டிக்காரப் பிள்ளை, ஃபீஸ் வேண்டாம்" என்று டீச்சர் சேர்த்துக்கொண்டார். ஒன்பது வருடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அதை நாங்கள் பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். கதவு திறந்துவிட்டது என்று நினைத்தோம். அந்த நோட்டுத்தாளைப் பார்த்த பிறகுதான் உள்ளே இன்னொரு கதவு இருந்தது தெரிந்தது.

நாங்கள் அந்தத் தாய்க்கு உடனே ஒரு பதில் சொன்னோம். அது தவறான பதில். ஏன் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சிறிய நாட்டியப் பள்ளியின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்ப்போம். விஜயதசமியன்று சேர்க்கை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணை வைத்துக் கும்பிட்டுத் தொடங்க வேண்டும். தட்டடவு, நாட்டடவு என்று அடவுகளில் ஓரிரு வருடம் போகும். கொஞ்சம் தேறியதும் சலங்கை பூஜை. அன்றுதான் முதன்முதலாகக் காலில் சலங்கை ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை ஆண்டுவிழா. எல்லாப் பிள்ளைகளும் குழுவாக ஆடுவார்கள், சிறப்பு விருந்தினர் கேடயம் கொடுப்பார், பெற்றோர்கள் செல்போனில் படம் எடுப்பார்கள். இத்தனைக்கும் கடைசியில் வருவது அரங்கேற்றம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று முழு வரிசையையும் ஒரே பிள்ளை தனியாக மேடையேறி ஆடிக் காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட தனியார் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் பொதுத்தேர்வு கிடையாது. மதிப்பெண் பட்டியல் கிடையாது. அங்கே அரங்கேற்றம்தான் பட்டமளிப்பு விழா. "அரங்கேற்றம் ஆயிடுச்சா?" என்பதுதான் அந்த உலகம் கேட்கும் ஒரே கேள்வி. ஆகிவிட்டால் நீங்கள் நாட்டியக்காரர். தனிக் கச்சேரிக்குக் கேட்கலாம், நாலு பிள்ளைகளை வைத்து வகுப்பு தொடங்கலாம். ஆகவில்லை என்றால், ஒன்பது வருடம் ஆடியிருந்தாலும் "கொஞ்ச நாள் கிளாஸ் போனவள்" அவ்வளவுதான். ஆகவே இது வெறும் கொண்டாட்டம் அல்ல. பிழைப்பு சம்பந்தப்பட்டது.

சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு வான் ஜென்னப்பைத் தெரிந்திருக்கும். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மனிதரைக் கடத்துவதைச் 'சடங்கு' என்று 1909இல் எழுதினார். பிள்ளை பெரியவளாவது, மாணவி பட்டதாரியாவது எல்லாம் அதில் அடங்கும். பின்னாளில் பியர் பூர்தியூ அதில் ஒரு திருத்தம் சொன்னார். சடங்கு போடும் முக்கியமான கோடு, அதை முடித்தவருக்கும் இனிமேல் முடிக்கப்போகிறவருக்கும் இடையில் இல்லை. அந்தச் சடங்கு யாருக்கு உரியது, யாருக்கு ஒருபோதும் உரியதல்ல என்பதற்கு இடையில் இருக்கிறது என்றார். முதுகலை வகுப்பில் இதைப் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்த நோட்டுத்தாளைக் கையில் வாங்கியபோதுதான் புரிந்தது.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கோடு ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் மெல்லியதாகப் போடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒன்பது ஆண்டுவிழாவில் எட்டுக்கு நாங்கள் போயிருக்கிறோம். எங்கள் பிள்ளை எப்போதும் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. முன்வரிசைப் பிள்ளைகள் மோசமாக ஆடினார்கள் என்று சொல்லவில்லை. முன்வரிசைக்கு வாடகை உடை ஆகாது, புதிதாகத் தைக்க வேண்டும் என்பது அங்கே யாரும் எழுதி வைக்காத விதி. விழா முடிந்ததும் பெற்றோர்கள் டீச்சருக்குப் புடவை வைத்துக் கொடுப்பார்கள். இந்தத் தாய் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போய், கொடுக்கலாமா வேண்டாமா என்று கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றதை நாங்களே பார்த்தோம்.

அரங்கேற்ற அழைப்பிதழின் மாதிரி ஒன்றையும் அவர் கொண்டுவந்திருந்தார். முன்பு முடித்த ஒரு பிள்ளையுடையது. அட்டையில் தாத்தா பாட்டி பெயர், அப்பா அம்மா பெயர், பெயருக்குக் கீழே படிப்பும் உத்தியோகமும். "இதுல எனக்கு என்னன்னு போடுவாங்க?" என்று கேட்டார். யாரும் அவரை அவமானப்படுத்தவில்லை. அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்கும்படி அந்த அட்டை அச்சாகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்று நகரத்துச் சாதி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. யாரும் யாரையும் பெயர் சொல்லித் தடுப்பதில்லை. பட்டியல் தடுக்கிறது, அட்டை தடுக்கிறது.

"இது பாரம்பரியம், காலங்காலமாக இப்படித்தான்" என்று ஒரு வாதம் வரும். பாரம்பரியத்தையே பார்ப்போமே. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை இருக்கிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். அவளுக்குத் தலைக்கோல் பட்டம் கிடைக்கிறது. மன்னன் பச்சை மாலையும் 1,008 கழஞ்சுப் பொன்னும் பரிசளிக்கிறான். ஆடியவளுக்கு அரங்கம் கொடுத்தது. இன்று ஆடுபவள் அரங்கத்துக்குக் கொடுக்கிறாள். இதைப் பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த மாலையை நகர வீதியில் விலை கூறுகிறார்கள், வாங்குகிற செல்வந்தனுக்கு மாதவி உரியவளாகிறாள் என்று அதே கதை தொடர்கிறது. நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: 'மாறாத பாரம்பரியம்' என்று ஒன்று கிடையாது. யார் கையில் கலை இருக்கிறதோ அவர்கள் வசதிக்கு அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அண்மைய வரலாறும் அதைத்தான் சொல்கிறது. சதிர் என்ற பெயரில் கோயிலிலும் அரண்மனையிலும் இந்த ஆட்டத்தைக் காத்தவர்கள், பின்னர் இசை வேளாளர் என்று அறியப்பட்ட குடும்பங்களின் பெண்களும் நட்டுவனார்களும். இன்றைய கச்சேரி வரிசையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. பொட்டுக்கட்டும் முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அது வந்தே தீர வேண்டிய சட்டம். ஆனால் அதே காலத்தில் ஆட்டம் கைமாறியது. 1935இல் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. சதிர் பரதநாட்டியமாகி, மேல்சாதி நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கான மதிப்புமிக்க கலையானது. காலங்காலமாக ஆடிய குடும்பங்களின் பெண்கள் பலருக்கு மேடை போனது. பிறப்பால் வந்த உரிமை ஒழிந்த இடத்தில் திறமைக்கு உரிமை வந்திருக்க வேண்டும். வந்தது பணத்துக்கும் சாதித் தொடர்புக்கும்.

இந்த மேடைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று. ஆடுபவளின் கால் ஜதிக்குப் பேசுவது மிருதங்கம். பசு, எருமை, ஆட்டுத் தோல்களைப் பதப்படுத்தி, வெட்டி, இழுத்துக் கட்டி, நாதம் வரும்வரை காது கொடுத்துச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் அவர்கள் வரலாற்றை எழுதினார். 2020 தொடக்கத்தில் அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை, அரசியல் சார்ந்த உள்ளடக்கம் என்று காரணம் சொல்லிக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறோர் இடத்தில் நடந்தது. வாத்தியம் மேடையேறலாம், அதைச் செய்தவரைப் பற்றிய பேச்சு மேடையேறக் கூடாது. நம் உழைப்பு இல்லாமல் அந்த அரங்கம் ஒருநாளும் ஒலித்ததில்லை. ஆகவே அது அந்நியர் வீடு அல்ல.

இனி, நாங்கள் அந்தத் தாய்க்குச் சொன்ன பதில். "அக்கா, கடன் வாங்காதீங்க. அரங்கேற்றமே வேண்டாம். அது பார்ப்பனியச் சடங்கு. பாப்பா படிச்சதுதான் முக்கியம். நம்மகிட்ட பறை இருக்கு, நம்ம விழாவில் ஆடட்டும்."

கடன் வாங்க வேண்டாம் என்பது சரி, அதில் மாற்றமில்லை. வட்டிக் கடனில் நம் குடும்பங்கள் எப்படி மூழ்குகின்றன என்பதை நாள்தோறும் பார்க்கிறோம். மற்றது எல்லாம் தவறு. அந்தப் பிள்ளை பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. சலங்கையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள் என்று அம்மா சொன்னார். இரண்டு வருடமாக எங்கள் மையத்தின் சிமெண்டுத் தரையில், மற்றப் பிள்ளைகள் போன பிறகு, தனியாக வர்ணம் பழகியவள் அவள். வர்ணம் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும். மூச்சு வாங்கி உட்காருவாள், தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அந்த உழைப்பை ஒரே வாக்கியத்தில் 'சடங்கு' என்று தள்ளிவிட்டோம். எங்களில் இருவர் பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படம் அவரவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதை யாரும் வெள்ளைக்காரன் சடங்கு என்று கழற்றி வைக்கவில்லை.

பறை நம் கலை, நம் பெருமை. சாவுக்கு அடிக்கும் மேளம் என்று இழிவு செய்யப்பட்ட கருவியை மேடைக்குக் கொண்டுவந்தது நம் மக்களின் போராட்டம். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாமெல்லாம் கொண்டாடினோம். பறை கற்றுத்தரும் குழுக்கள் தங்கள் விழாவைப் 'பறை அரங்கேற்றம்' என்றே அழைக்கின்றன. அந்தச் சொல்லை நாம் எடுத்துக்கொண்டது நல்ல காரியம். ஆனால் ஒரு தலித் பிள்ளை பரதம் ஆட ஆசைப்பட்டால், "உனக்குப் பறை இருக்கிறதே" என்று நாமே சொல்வது என்ன? யாருக்கு எந்தக் கலை என்று பிறப்பைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர் சாதி. நம் வாயிலிருந்து வந்தாலும் அதற்கு அதுதான் பெயர்.

டீச்சர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். போய்ப் பேசினோம். "பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் கூலி கொடுக்க வேண்டாமா? அவர்களும் தொழிலாளிகள்தானே?" என்றார். உண்மை. கலைஞர்களின் கூலியைக் குறைக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கலைக்கான செலவு எவ்வளவு? எங்கள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கூட வரவில்லை. மீதி எல்லாம் மண்டபம், உடை, நகை, சாப்பாடு, வீடியோ. "நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரே நாளில், ஒரே பக்கவாத்தியத்தோடு, பள்ளிக்கூட அரங்கில் வைக்கலாமே?" என்று கேட்டோம். "அப்படி வைத்தால் மற்றப் பெற்றோர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றார். ஒன்பது வருடம் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுத்த நல்ல மனிதர் அவர். ஆனால் நல்லெண்ணம் சேர்க்கையோடு நின்றுவிடுகிறது. முடிவைத் தீர்மானிப்பது 'மற்றப் பெற்றோர்கள்'. இலவச இடம் என்பது சலுகை. முடித்துச் செல்வது உரிமை. சலுகையாக உள்ளே போனவர்கள் உரிமையோடு வெளியே வர முடிவதில்லை.

இது நாட்டியத்தோடு முடிகிற கதை அல்ல. கட்டணப் பாக்கி என்று மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிகளை நமக்குத் தெரியும். உதவித்தொகை வரத் தாமதமானதால் பட்டமளிப்பு நாளில் நண்பர்களுக்குக் கைதட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். பிரிவுபசார விழாவுக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் என்றதும் "எனக்குக் காய்ச்சல்" என்று விடுதியில் படுத்துக்கொண்டவர்களும் இருப்பீர்கள். நாம் இதுவரை அதிகமாகப் போராடியது நுழைவாயிலில். இடஒதுக்கீடு, சேர்க்கை, கட்டண விலக்கு எல்லாம் நுழைவாயில் போராட்டங்கள். அவை இல்லாமல் நாம் இங்கே இல்லை. ஆனால் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணும் நாம், எத்தனை பேர் தலைநிமிர்ந்து முடித்து வெளியே வந்தார்கள் என்று எண்ணுவதில்லை.

எங்கள் தவறை ஓரளவு சரிசெய்யப் பார்த்தோம். மே மாதக் கடைசியில் காலனி சமுதாயக் கூடத்தில், பிளஸ் டூ முடித்த ஒன்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நிறைவு விழா. அழைப்பிதழில் எல்லாப் பெற்றோரின் பெயரும் தொழிலும் அச்சிட்டோம்: தூய்மைப் பணியாளர், கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், செவிலியர் உதவியாளர். பறை முழங்கித் தொடங்கியது. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு, ஆடுகிறாயா என்று கேட்டோம். மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அரசு இசைப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நட்டுவனார் ஒருவர், பேருந்துக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு தாளம் எடுத்து வந்தார். முழு வர்ணமும் ஆடினாள். கூடத்தில் பச்சைக் குழந்தைகூட அழவில்லை.

முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டோம். "நல்லாத்தான் இருந்துச்சு அண்ணா. ஆனா இது அரங்கேற்றம் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்ல?" என்றாள்.

அவள் சொன்னதை அழகுபடுத்தாமல் அப்படியே எழுதுகிறோம். நம் மேடை நமக்கு மானம் தரும். ஆனால் அவர்கள் கதவைத் திறக்காது. இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறக்கக் கூடாது.

ஆகவே சில வேலைகள். ஒன்று, நம் பிள்ளை எந்தக் கலைப் பள்ளியில் சேர்ந்தாலும் முதல் நாளே கேட்போம்: படிப்பு எப்போது முடியும், முடித்ததற்கு என்ன சான்று, அதற்கு என்ன செலவு? இரண்டு, கலை பண்பாட்டுத் துறையின் கீழ் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. பரதம், குரலிசை, மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பு. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். சிறு பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் உண்டு. நம் காலனிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியப்படுத்துவது நம் வேலை. மூன்று, அந்தப் பள்ளிகளின் அரங்கத்தையும் வாத்தியக் கலைஞர்களையும் கொண்டு, தனியாரிடம் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பொது அரங்கேற்றம் நடத்தும்படி அரசிடம் கேட்போம். கலைஞர்களுக்கு அரசு கூலி கொடுக்கட்டும். ஆடியவளுக்கு மன்னன் பொன் கொடுத்ததைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். மக்களாட்சி ஒரு மேடையாவது கொடுக்கட்டும். நான்கு, கல்லூரிகளில் இருக்கும் தோழர்கள் உங்கள் துறையில் பட்டமளிப்புக்கும் பிரிவுபசாரத்துக்கும் யார் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள். அதை ஓர் அமைப்புப் பணியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விழாவை நினைவுபடுத்துகிறோம். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது, அவர் பாரசீகம் எடுக்க வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியும். 'செம்மொழி'யின் கதவு சேர்க்கையிலேயே சாத்தப்பட்டது. அதே அம்பேத்கர், 1956இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் தன் சிறுவயது விழா ஒன்றைச் சொல்கிறார். அவர் ஆங்கில நான்காம் வகுப்புத் தேறியபோது அவருடைய சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் வைக்க விரும்பினார்கள். மகனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அப்பா மறுத்துவிட்டார். அவர்கள் விடாமல் தாதா கேலுஸ்கரிடம் போனார்கள். அவர் பேசிச் சம்மதிக்க வைத்து, தானே தலைமை தாங்கி, கூட்டத்தின் முடிவில் தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பிள்ளைக்குப் பரிசளித்தார். அந்தப் புத்தகம் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோனது என்பது வரலாறு.

நான்காம் வகுப்பு. மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது, நம்மில் ஒருவர் ஒன்றை முடித்திருக்கிறார் என்று ஊர் அறியச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று. அந்த அப்பாவைப் போல நாங்களும் "எதற்கு விழா?" என்று கேட்டுவிட்டோம். இனிக் கேட்க மாட்டோம்.

அந்தப் பிள்ளை இப்போது அரசு இசைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சலங்கை பரணிலிருந்து இறங்கிவிட்டது. அவள் முடிக்கும் நாளில், அது எந்த அரங்கமாக இருந்தாலும், முன்வரிசையில் அவள் அம்மா உட்கார்ந்திருப்பார். நாங்கள் பின்னால் நிற்போம்.

ஜெய் பீம்.